தலையைத் தாழ்த்திப் படுத்ததும் வந்த வலி

மூக்கில் தைலம் விடும் நசியம் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தைலம், எத்தனை சொட்டு, எந்த வேளை என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை என்னிடம் கேட்பதற்கு நீங்கள் வைத்தியக் கல்லூரியில் அத்தனை வருஷம் படித்திருக்கவே வேண்டாம். நான் காஞ்சிபுரத்துக் கிளினிக்கை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறேன். இருக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். கால் ஓர் இடத்தில் நிற்பதில்லை. இதை எழுதுவதற்குள்ளேயே நாலு தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தாயிற்று.

கருமுட்டை சரியாக வெளிவராமல், மாதவிலக்கு தாறுமாறாகி, பிள்ளை தங்காமல் தவிக்கிற பெண்களுக்கு மூக்கு வழியாகத் தைலம் விடுவதைத்தான் நான் அதிகமும் செய்தேன். ஊரில் எனக்கு ‘மூக்கு டாக்டரம்மா’ என்றே பெயர். பலருக்கு விலக்கு ஒழுங்குக்கு வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டும் போயிருக்கிறார்கள். அது தைலத்தாலா, உணவை மாற்றியதாலா, நேரத்துக்குத் தூங்கியதாலா, அல்லது என் எதிரில் உட்கார்ந்து ஒரு பாடு அழுததாலா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைக்கு ஏங்கி வருகிறவளிடம் வாய்க்கு வந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவாள்.

நான் சொல்ல வந்தது சுகந்தியைப் பற்றி.

சுகந்தி முசரவாக்கத்துப் பெண். அவள் கணவன் பிரபு கூலிக்குப் பட்டு நெய்கிறான். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வருகிற கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அவன் நடுவில் நெய்ய, இவள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளுவாள். கல்யாணமாகிப் பல வருஷம். விலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், சில சமயம் அதுவும் வராது. ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி. கருமுட்டை வெளிவருவதற்கான மருந்து ஊசியெல்லாம் பார்த்துச் சலித்துப்போய் என்னிடம் வந்திருந்தாள். வரும்போதெல்லாம் கூடவே மாமியார் வள்ளியம்மாவும் வருவார். என் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் வள்ளியம்மாதான். “பசி எடுக்குதாம்மா?” என்று சுகந்தியைக் கேட்டால், “எங்க எடுக்குது, குருவி மாதிரிதான் கொத்துது” என்று அவர் சொல்வார். சுகந்தி தரையைப் பார்ப்பாள். வள்ளியம்மா கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸில் இடம் பிடித்து மருமகளை உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வருகிற மனுஷி. பாசமும் அதிகாரமும் அவருக்கு ஒரே வாயில் வரும்.

நசியத்தைத் தீட்டு நின்ற பிறகுதான் தொடங்குவோம். கர்ப்பமாக இருக்கிறவளுக்குச் செய்யக் கூடாது. அதனால் “விலக்கு வந்ததா, நின்றதா” என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் படுக்கையில் ஏற்றுவது எங்கள் வழக்கம். இரண்டு மூன்று சுற்று முடிந்திருந்தது. விலக்கு கொஞ்சம் ஒழுங்குக்கு வந்த மாதிரி இருந்தது. நானும் உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அது ஆடி மாதம். ஊரே மஞ்சளும் வேப்பிலையுமாக இருந்தது. அன்று காலை வள்ளியம்மா வாசலிலேயே, “வந்து நின்னுடுச்சு டாக்டரம்மா. இந்த வாட்டி கரெக்டா ஆரம்பிச்சிடலாம்” என்றார். எனக்கு உதவிக்கு இருந்த நித்யா, அப்போதுதான் கல்லூரி முடித்துவிட்டு வந்தவள், சுகந்தியை உள்ளே அழைத்துப் போனாள். நான் அறை வாசலில் வேறொருவருக்குக் கஷாயம் எப்படிக் குடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நித்யா முகத்தில் தைலம் தேய்த்து, ஆவி காட்டி, சுகந்தியைப் படுக்கவைத்துத் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாள். சட்டென்று ஒரு சத்தம். கதவு மூடும்போது விரல் மாட்டினால் வருமே, அந்த மாதிரி.

“தோளு... தோளு வலிக்குது” என்றாள் சுகந்தி.

நித்யா பதறவில்லை. “எழுந்திருங்க அக்கா, நிதானமா உக்காருங்க” என்று தூக்கி உட்காரவைத்தாள். கொஞ்ச நேரத்தில் வலி தணிந்தது. நித்யா என்னைப் பார்த்து, “தறி பெயின் மேடம். ஷோல்டர் ஸ்ட்ரெயின். சூடா ஒரு கிழி ஒத்தடம் குடுத்துட்டு நசியத்தைப் பண்ணிடலாமா?” என்றாள்.

வெளியிலிருந்து வள்ளியம்மா, “ஆமாம்மா, ராவும் பகலும் நாடா தள்ளிக்கினு இருந்தா தோளு வலிக்காம இன்னா பண்ணும்? ஒத்தடம் குடு. இன்னிக்கு நல்ல நாளு, விட்டுடாத” என்றார்.

இந்த ஊரில் வைத்தியம் பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. தோள் வலி என்றால் தறி, முட்டி வலி என்றால் தறிக்குழி, கண் எரிச்சல் என்றால் ஜரிகை. கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே பதில் நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும். பத்தில் ஒன்பது பேருக்கு அது சரியாகவும் இருந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. நித்யா சொன்னபோது எனக்கும் தலை ஆமாம் என்றுதான் ஆடப் போயிற்று. ஆனால் சுகந்தியின் முகம் சரியாகப் படவில்லை. அவள் மாநிறம். அன்று உதடு வெளுத்து, நெற்றியில் வியர்வை. ஆவி காட்டியதால் வந்த வியர்வை என்று பார்த்தால், தொட்டபோது ஜில்லென்று இருந்தது.

“எந்தத் தோளும்மா?”

வலது தோளின் உச்சியைக் காட்டினாள்.

“நாடா எந்தக் கையாலே தள்ளுவே?”

“ரெண்டு கையும்தான். ஆனா இந்த வலி தறியில உக்காந்தா இல்ல டாக்டரம்மா. நேத்துல இருந்து படுத்தாத்தான் வருது. உக்காந்துக்கினேதான் தூங்கினேன்.”

தறி வலி என்றால் உட்கார்ந்தால் வரும், படுத்தால் தணியும். இது தலைகீழாக இருக்கிறது. படுக்கும்போது, அதுவும் தலை தாழும்போது, வயிற்றுக்குள் எங்கோ கசிகிற ரத்தம் மேலே ஓடி உதரவிதானத்தைத் தொட்டால் வலி தோளில்தான் தெரியும். இதைப் படிக்காதவர் யாரும் நம்மில் இல்லை. படித்தது பரீட்சைத் தாளோடு போய்விடும், நம் படுக்கையில் வந்து படுத்தால் அடையாளம் தெரியாது.

நாடியைப் பிடித்தேன். தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. “அடிவயிறு வலிக்குதா?” என்று கேட்டேன். “கொஞ்சம்” என்றாள். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வள்ளியம்மாவிடம், “அம்மா, மருந்துக் கடைக்குப் போய்க் கொஞ்சம் பஞ்சு வாங்கிட்டு வாங்க” என்றேன். அலமாரி நிறையப் பஞ்சு இருந்தது. நித்யா வாயைத் திறக்கப் போனாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

மாமியார் படி இறங்கியதும் கேட்டேன். “சுகந்தி, இந்த விலக்கு எப்படி வந்துச்சு? எப்பவும் போலவா?”

“இல்ல. கொஞ்சம் கொஞ்சமா, கறுப்பா. மாத்திரை போட்டதால அப்டி வருதுன்னு நெனச்சேன்.”

“என்ன மாத்திரை?”

“நாள் தள்ளிப்போடற மாத்திரை. கோயில்ல பால்குடம் எடுக்கிறதா வேண்டுதல். அன்னிக்கு தூரமாயிட்டா இன்னா பண்றதுன்னு அத்தை கடையில வாங்கினு வந்து குடுத்தாங்க. பால்குடம் முடிஞ்சதும் நிறுத்திட்டேன்.”

“என்கிட்டே ஏன் சொல்லலே?”

“அது மருந்தா டாக்டரம்மா? சாமி காரியத்துக்குத்தானே போட்டேன்.”

கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. “வேறே ஏதாவது மருந்து சாப்பிடறியா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன், “இல்லை” என்று ஒவ்வொரு தடவையும் பதில் வாங்கியிருக்கிறேன். இந்தக் கோயில் ஊரில் பாதிப் பெண்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அந்த மாத்திரையைப் போடுகிறார்கள், அது அவர்களுக்கு மருந்துக் கணக்கிலேயே வராது. அதனால் நீங்கள் மாத்திரை என்று கேட்காதீர்கள். “வீட்டில் விசேஷம் ஏதாவது இருந்ததா, அதற்காக நாளைத் தள்ளிப்போட்டாயா?” என்று கேளுங்கள்.

கர்ப்பம் பார்க்கிற அட்டை எங்கள் அலமாரியில் எப்போதும் இருக்கும். நித்யாவைத் துணைக்கு அனுப்பிச் சிறுநீர் பிடித்துவரச் செய்து சொட்டு விட்டோம். இரண்டு கோடும் பளிச்சென்று வந்தன. நித்யா வாயைப் பொத்திக்கொண்டாள். சுகந்தி என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். சிரித்தாள். அவள் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அதைக் கெடுக்க வேண்டியிருந்தது. என் தொழிலில் அதைவிட மோசமான நிமிஷம் எனக்கு வாய்த்ததில்லை.

அதற்குள் பஞ்சோடு வள்ளியம்மா வந்துவிட்டார். நித்யாவின் முகமே சொல்லிவிட்டது. அட்டையைப் பிடுங்கிப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, “அம்மா தாயே, பால்குடத்துக்குக் கண்ணைத் தொறந்துட்டியே” என்று அழுதார். எழுந்து மருமகள் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். பிறகு, “மூக்குல ஒண்ணும் ஊத்த வேணாம். நான் ஊட்டுக்கு இட்டுக்கினு போறேன். மூணு மாசம் கட்டில்ல இருந்து எறக்கமாட்டேன்” என்றார்.

“வீட்டுக்கு இல்லேம்மா, ஆஸ்பத்திரிக்கு. இப்பவே” என்றேன். “கரு கர்ப்பப்பையிலே இல்லே, குழாயிலே தங்கியிருக்குதுன்னு சந்தேகம். குழாய் வெடிச்சு உள்ளே ரத்தம் கசியுது.”

“நல்ல சேதி வந்த வாயில இன்னா பேச்சு பேசறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போனா ஸ்கேன் போடுவாங்க, அலைச்சல்ல கலைஞ்சிடும். எங்க ஊர்ல ஆட்டோல போயி கலைஞ்சவ இருக்கிறா.” குரல் உயர்ந்துவிட்டது. “உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?”

தெரியாது. அதுதான் விஷயம். ஸ்கேன் இல்லாமல் என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒருவேளை நான் தப்பாக இருந்தால், காத்துக் காத்து வந்த கர்ப்பத்தை ஆடி வெயிலில் ஆட்டோவில் போட்டு உலுக்கின பாவமும் பழியும் என்னைச் சேரும். நான் சரியாக இருந்து, இவர் பேச்சைக் கேட்டு வீட்டுக்கு அனுப்பினால், ராத்திரிக்குள் அந்தப் பெண் இருக்க மாட்டாள். பிற்பாடு யோசித்துப் பார்த்தால் சுலபமாகத் தெரிகிறது. அப்போது எதுவும் சுலபமாக இல்லை. உறுதி வருகிற வரைக்கும் காத்திருக்கிற வைத்தியர் பிணத்தைத்தான் பரிசோதிப்பார் என்று மட்டும் ஒரு எண்ணம் ஓடியது.

மாமியாரிடம் பேசுவதை நிறுத்தினேன். சுகந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “எனக்கு உறுதியாத் தெரியாது சுகந்தி. ஆனா நீ என் பொண்ணா இருந்தா இந்நேரம் ஆட்டோவிலே இருப்பே.”

அவள் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். “இது நிக்காதா?” என்றாள்.

“நான் நினைக்கிறது சரின்னா, நிக்காதும்மா. நீ நிப்பே.”

“அத்தை, ஆட்டோ கூப்பிடுங்க” என்றாள். மாமியாரிடம் அவள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, மாமியாரும் கேட்டிருக்க மாட்டார்.

எழுந்தாள், இரண்டாவது படியில் கண் சொருகிவிட்டது. நான் பிடிப்பதற்குள் வள்ளியம்மா அவளை வாரித் தூக்கிவிட்டார். அந்த வயதில் அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “சொல்றதைக் கேக்கறேன் டாக்டரம்மா, இன்னா சொன்னாலும் கேக்கறேன், என் பொண்ணைக் காப்பாத்து” என்று அலறினார். நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்கு நித்யா போன் போட்டிருந்தாள். அம்மன் ஊர்வலம், சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்றார்களாம். காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. சந்துமுனையில் சவாரிக்கு நின்ற ஆட்டோவில் ஏற்றினோம். சுகந்தியை மாமியார் மடியில் சாய்த்து, கால்களை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

போகும்போதே எனக்குத் தெரிந்த ஒரு மகப்பேறு சர்ஜனுக்குப் போன் செய்தேன். பெயர் வேண்டாம், சொன்னால் என்னைத் திட்டுவார். திட்டுவது அவருக்குப் பழக்கம். ஊரில் எந்த வைத்தியர் எந்தப் பெண்ணை வீணடித்தாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் கத்துவார். “உங்க ஆளுங்க” என்றுதான் ஆரம்பிப்பார். அன்று நான் மூன்று வாக்கியம் சொன்னேன். மறுமுனையில் கத்தல் இல்லை. “தியேட்டர் ரெடி பண்றேன். வாய்க்கு ஒண்ணும் குடுக்காதே. புருஷனை நேரா இங்க வரச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

வழியெல்லாம் கூட்டம். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு, பட்டுச் சேலை வாங்க வந்த வெளியூர்க் கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோக்காரர் கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு இடத்தில் வண்டி சுத்தமாக நின்றுவிட்டது. நான் இறங்கி ரோட்டில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஊர்வலத்தில் தீச்சட்டி ஏந்தி வந்தவர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தியேட்டர் வாசலில் பிரபு லுங்கியோடு ஓடி வந்து நின்றான். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டான். வள்ளியம்மா சுவரில் தலையைச் சாய்த்துத் தனக்குத்தானே, “நான்தான் மாத்திரை குடுத்தேன், நான்தான் குடுத்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை கருவைக் குழாய்க்குத் தள்ளிவிடவில்லை, அது யாருடைய தப்பும் இல்லை, உண்டான அடையாளத்தைத்தான் மறைத்துவிட்டது என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. நான் அந்தத் தாழ்வாரத்தில் நடந்தேன். நர்ஸ் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன், எழுந்தேன். நித்யா போனில் அழுதாள். “நான் கிழி கட்ட எடுத்துட்டேன் மேடம்” என்றாள். “எடுத்தே, கட்டலே. மீதிப் பேஷண்டுகளைப் பாரு” என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, என்னையே சமாளிக்க முடியவில்லை.

சர்ஜன் வெளியே வந்தபோது முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு முதலில் என்னைத்தான் தேடினார். “வயிறு முழுக்க ரத்தம். ஒரு குழாயை எடுத்துட்டேன். இன்னொண்ணு நல்லா இருக்குது. பொழைச்சிட்டா.” பிறகு, “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்றார்.

“தலையைத் தாழ்த்திப் படுக்க வெச்சோம். தோள் வலிச்சுது.”

“மூக்கிலே ஊத்தினியா?”

“இல்லே.”

“அது போதும்” என்று போய்விட்டார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

இங்கே நிறுத்தினால் கெட்டிக்கார வைத்தியரின் கதையாக இருக்கும். எனக்கும் சௌகரியம்தான். ஆனால் நான் நிலைகொள்ளாமல் அலைவது அதற்கப்புறம் நடந்ததை நினைத்துத்தான்.

இரண்டொரு நாள் கழித்து அவளைப் பார்க்க வார்டுக்குப் போனேன். முசரவாக்கத்திலிருந்து தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வள்ளியம்மா அவர்களிடம், “வயித்துல கட்டிம்மா. இத்தாப்பெரிசு. எடுத்துட்டாங்க. இனிமே ஒண்ணும் இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓரமாக இழுத்துப் போனார். “கலைஞ்சிடுச்சுன்னு சொன்னா ராசியில்லாதவன்னு இன்னும் கண்டபடி பேசுவாங்க டாக்டரம்மா. கட்டின்னா பேச்சு அத்தோட போயிடும். நீங்களும் அப்டியே சொல்லிடுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மருமகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். எனக்கும் அதில் பெரிய தப்பு தெரியவில்லை. சரி என்றேன்.

கட்டிலிலிருந்து சுகந்தி கூப்பிட்டாள். குரல் நூலாக இருந்தது.

“டாக்டரம்மா, எனக்கு இன்னா ஆச்சுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க.”

வள்ளியம்மா, “அதான் சொல்லிட்டேனே சுகந்தி, நீ பேசாம படுத்துக்க, தையல் வலிக்கும்” என்றார்.

“நீங்க சொல்லாதீங்க அத்தை. டாக்டரம்மா சொல்லட்டும்.” அவள் என்னையே பார்த்தாள். “இவங்க ஊட்டு வளைகாப்புக்கெல்லாம் போயி, யாராவது தள்ளிப் போன்னு சொல்றதுக்கு முன்னாடியே நானாப் பின்னாடி போயி உக்காந்துக்குவேன். வளையல் போட யாரும் என்னைக் கூப்பிட்டதில்ல. எனக்கு ஒண்ணுமே தங்காதுன்னாங்க. எல்லாரும் இங்கதான் இருக்கிறாங்க, சொல்லுங்க.”

வள்ளியம்மாவின் பிடி என் கையில் இறுகியது. நோயாளி சொன்ன பிறகு வேறு யார் சொல்வதையும் கேட்க எனக்கு உரிமையில்லை. கையை விடுவித்துக்கொண்டு கட்டிலருகே போனேன்.

“கட்டி இல்லே. சுகந்தி உண்டாகியிருந்தா. குழந்தை வழியிலே குழாயிலேயே தங்கிடுச்சு, அதனாலே காப்பாத்த முடியலே” என்றேன். என் குரல் முன்னால் நின்றவர்களைத் தாண்டியிருக்காது.

கடைசியில் நின்ற பெண், “இன்னா சொன்னாங்க?” என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

“சத்தமா சொல்லுங்க டாக்டரம்மா” என்றாள் சுகந்தி.

நான் மறுபடியும் சொன்னேன்.